காலமறியாச் சொல்: 1918ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தல்

திருக்குறளின் பொருட்பாலில் காலமறிதல் என்றோர் அதிகாரமும் சொல்வன்மை என்றோர் அதிகாரமும் உள்ளன. முன்னது அரசனுக்கு உரியதாகவும் பின்னது அமைச்சனுக்கு உரியதாகவும் வைக்கப்பட்டிருக்கின்றன. அரசனும் தானே, அமைச்சனும் தானே என்று நின்ற ஒருவர், சொல்வன்மையில் தம் காலத்தில் ஒப்பாரற்றவராய் விளங்கியும், காலமறிதலில் தவறிய ஒரு நிகழ்ச்சி இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றில் உண்டு. அவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவராக இருந்த உட்ரோ வில்சன். நிகழ்ச்சி, முதல் உலகப்போர் முடிவதற்கு ஆறு நாள்களுக்கு முன்னர் அந்நாட்டில் நடைபெற்ற சட்டமன்றத் தேர்தல்.

அமெரிக்க அரசியலமைப்பின்படி குடியரசுத் தலைவரின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். ஆனால் காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டுச் சட்டமன்றத்தின் கீழவையாகிய பிரதிநிதிகள் சபை முழுவதும், மேலவையாகிய செனட்டில் மூன்றில் ஒரு பங்கும் ஈராண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஆகவே தலைவரின் ஆட்சி நடுவழியில் இருக்கும்போதே மக்கள் ஒருமுறை வாக்களிக்கின்றனர். இதனை இடைப்பருவத் தேர்தல் எனலாம். இத்தேர்தலில் தலைவரின் கட்சி தோற்றாலும் தலைவர் பதவி இழப்பதில்லை. வென்றாலும் அவருக்குப் புதிய அதிகாரம் எதுவும் வருவதில்லை. இந்த நுட்பமே இக்கட்டுரையின் உயிர்நிலை ஆகும்.

அறிஞர் ஆட்சிக்கு வந்தார்

வில்சன் அரசியலுக்குப் பிந்தி வந்தவர். பேராசிரியராகவும் பின்னர்ப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவராகவும் பணியாற்றியவர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களுள் ஆய்வுசெய்து முனைவர் பட்டம் பெற்றவர் அவர் ஒருவரே. அவருடைய ஆய்வின் பொருளே காங்கிரஸ் ஆட்சிமுறைதான். மாணவராக இருந்த காலத்திலேயே, 1879இல், அமெரிக்காவுக்கு இங்கிலாந்தைப் போன்ற அமைச்சரவை ஆட்சி வேண்டும் என்று அவர் ஒரு கட்டுரை எழுதினார். சட்டமன்றத்தின் நம்பிக்கையைப் பெற்றவரே ஆளவேண்டும், நம்பிக்கையை இழந்தவர் விலகவேண்டும் என்பது அம்முறையின் அடிப்படை. அக்கட்டுரையை ஏற்று வெளியிட்ட இதழின் ஆசிரியர்களுள் ஒருவர் ஹென்றி காபட் லாட்ஜ் என்னும் இளைஞர். அவரும் வரலாற்றறிஞர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இவ்விருவரும் உலக அமைதியைப் பற்றி எதிரெதிர் நின்று பொருதப் போகின்றனர் என்பதை அன்று இருவருமே அறிந்திலர்.

1912இல் குடியரசுக் கட்சி பிளவுபட்டதால் ஜனநாயகக் கட்சியைச் சார்ந்த வில்சன் வென்றார். 1916இல் மீண்டும் நின்றபோது, நாட்டைப் போருக்கு வெளியே வைத்திருந்தவர் என்பதே அவருக்காகக் கட்சியினர் எழுப்பிய முழக்கம். கலிபோர்னியா மாநிலத்தில் நான்காயிரத்துக்கும் குறைந்த வாக்கு வேறுபாட்டில் கிட்டிய வெற்றியே அவரை மீண்டும் தலைவராக்கியது. பிரதிநிதிகள் சபையில் அவருடைய கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை. சிறு கட்சியினர் சிலரின் துணையோடுதான் அது சபையை நடத்திற்று. அடுத்த ஏப்ரலிலேயே, 1917 ஏப்ரல் 6ஆம் நாள், அமெரிக்கா ஜெர்மனியோடு போரில் இறங்கியது. செனட்டில் 82 பேரும் கீழவையில் 373 பேரும் போருக்கு இசைந்தனர். செனட்டில் அறுவரும் கீழவையில் ஐம்பதின்மரும் மறுத்தனர்.

ஓய்வுபெற்ற அரசியல்

1918 மே திங்களில் போர்ச்செலவுக்குப் புதிய வரி வேண்டிக் காங்கிரசின் முன் பேசிய வில்சன், அரசியல் இப்போது ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது என்றார். தேர்தல் ஆண்டில் வரி விதிக்கத் தயங்கிய உறுப்பினர்களுக்குத் துணிவூட்டவே அவர் அங்ஙனம் கூறினார். எனினும் அச்சொல் அவ்வளவில் நிற்கவில்லை. போர் நடக்கும்வரை கட்சி வேறுபாடு இல்லை என்று தலைவரே வாக்களித்ததாக நாடு அதனை ஏற்றுக்கொண்டது.

உண்மையில் இரு கட்சிகளும் ஓயவில்லை. 1912இல் பிரிந்து நின்ற முன்னாள் தலைவர்கள் தியோடர் ரூசுவெல்ட்டும் வில்லியம் டாஃப்டும் 1918இல் மீண்டும் கைகோத்தனர். வில் ஹேய்ஸ் என்னும் திறமைமிக்க அமைப்பாளர் குடியரசுக் கட்சியின் தேசியக் குழுத் தலைவரானார். ரூசுவெல்ட்டின் மைந்தர் நால்வரும் படையில் இருந்தனர். இளையவர் குவென்டின் ஜூலை 14ஆம் நாள் பிரான்சு வானில் வீழ்ந்துபட்டார். மகனைப் போருக்குத் தந்த தந்தை போரை நடத்தும் முறையைக் குறைகூறியபோது, அதனை நாட்டுப்பற்றின்மை என்று எவரும் தள்ளிவிட இயலவில்லை.

அக்டோபர்த் தொடக்கத்தில் ஜெர்மனி போர்நிறுத்தம் வேண்டி வில்சனுக்கே மடல் விடுத்தது. அதே ஆண்டு ஜனவரியில் அவர் அறிவித்திருந்த பதினான்கு அம்சங்களின் அடிப்படையில் அமைதி பேச அது முன்வந்தது. வில்சன் மடலுக்கு மடல் எழுதிக்கொண்டிருந்தபோது, மடல் எதற்கு, நிபந்தனையற்ற சரணடைவே வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் முழங்கினர். உலகமே தம் சொல்லுக்குச் செவிசாய்த்த அவ்வேளையில், உள்நாட்டில் தம் கட்சியினர் தேர்தலில் தடுமாறுவதைக் கண்ட வில்சன் மற்றொரு மடல் எழுதினார். இம்முறை தம் மக்களுக்கு.

அக்டோபர் வேண்டுகோள்

அக்டோபர் 25ஆம் நாள் நாளிதழ்களில் அவ்வேண்டுகோள் வெளிவந்தது. தம் தலைமையை மக்கள் ஏற்பராயின், உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் தாம் அவர்களின் பேச்சாளராகத் தொடர வேண்டுமென்று விரும்புவராயின், இரு சபைகளிலும் ஜனநாயகக் கட்சிக்கே பெரும்பான்மை தரவேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். குடியரசுக் கட்சியினர் போரை ஆதரித்தனர் என்பதை ஒப்புக்கொண்ட அவர், ஆனால் தம் ஆட்சியை எதிர்த்தனர் என்றார். அக்கட்சி ஏதேனும் ஒரு சபையை வென்றாலும் கடலுக்கு அப்பால் உள்ளோர் அதனைத் தம் தலைமைக்கு எதிரான தீர்ப்பாகவே கொள்வர் என்றும் எழுதினார்.

போர்க்காலத்தில் ஆளுங்கட்சி இத்தகைய வேண்டுகோள் விடுப்பது புதுமையன்று. 1898இல் ஸ்பெயினோடு நடந்த போரின்போது குடியரசுக் கட்சியினரும் இவ்வாறே வாக்குக் கேட்டனர்.  பின் எங்கே பிழை? பிழை இரண்டு. அரசியல் ஒத்திவைக்கப்பட்டதென்று கூறிய நாவே ஐந்து திங்களுக்குள் கட்சிக்கு வாக்குக் கேட்டது முதற்பிழை. தன் மகன் பிரான்சில் குண்டுமழைக்கிடையே நிற்கும்போது, தன் கட்சியின் பற்றுறுதி ஐயத்துக்குரியதெனக் கேட்ட குடியரசுக் கட்சித் தந்தைக்கு அது வேண்டுகோளாகத் தோன்றவில்லை, வசையாகத் தோன்றியது. அக்டோபர் 28ஆம் நாள் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் ரூசுவெல்ட் பேசியது இந்த வடுவை நோக்கியே.

இரண்டாம் பிழை ஆழமானது. இடைப்பருவத் தேர்தல் நம்பிக்கை வாக்கெடுப்பன்று. அரசியலமைப்பு அதனை அவ்வாறு வகுக்கவில்லை. இங்கிலாந்து முறையை விரும்பிய மாணவர் வில்சன், குடியரசுத் தலைவர் வில்சனின் கையைப் பற்றி அதனை நம்பிக்கை வாக்கெடுப்பாக மாற்றி எழுதினார். வென்றால் அதனால் வரும் சட்டபூர்வமான ஊதியம் எதுவுமில்லை. தோற்றால் இழப்போ அளவிறந்தது. தாமே எழுதிக்கொடுத்த தோல்விப் பத்திரத்தில் எதிரிகள் நாளை மட்டும் இட்டால் போதும் என்னும் நிலையை அவர் உருவாக்கிவிட்டார்.

கோதுமையின் குரல்

எனினும் அம்மடலே தேர்தலைத் தோற்கடித்தது என்று கூறுவது முழு உண்மை ஆகாது. சொல்லையே வாழ்வாகக் கொண்டவர்கள் சொல்லுக்கு மிகுந்த ஆற்றலைக் கற்பித்துவிடுவது இயல்பு. மக்கள் வாக்களிக்கச் செல்லும்போது சொல்லைவிடச் சோறு அவர்கள் நெஞ்சில் கனத்திருக்கும்.

1917 ஆகஸ்டில் நிறைவேறிய உணவு, எரிபொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழியே கோதுமை விலை அரசின் கைக்குள் வந்தது. சிகாகோவில் ஒரு புஷல் கோதுமைக்கு 2 டாலர் 20 சென்ட் என்று விலை குறிக்கப்பட்டது. சந்தையைத் தன் போக்கில் விட்டிருந்தால் இன்னும் மிகுதியாகக் கிடைத்திருக்கும் என்பது உழவர்களின் மனக்குறை. அதனை 2 டாலர் 40 சென்டாக உயர்த்தக் காங்கிரஸ் முயன்றபோது, 1918 ஜூலையில் வில்சன் தம் மறுப்பதிகாரத்தால் தடுத்தார். நகர மக்களின் ரொட்டி விலை உயரும், நேச நாடுகளுக்கு அனுப்பும் உணவின் செலவு கூடும் என்பன அவர் கண்ட காரணங்கள். அவை நேர்மையான காரணங்களே.

ஆனால் தென் மாநிலங்களில் விளையும் பருத்திக்கு அத்தகைய உச்சவரம்பு இல்லை. போர்க்காலத் தேவையால் பருத்தி விலை பன்மடங்கு ஏறிற்று. தென்மாநிலங்களோ ஜனநாயகக் கட்சியின் கோட்டை. காங்கிரசின் முதன்மையான குழுக்களின் தலைவர் பலர் தென்னாட்டார். வரி வகுக்கும் குழுவின் தலைவர் கிளாட் கிச்சின், வட கரோலினா மாநிலத்தவர். அவர் போர்த் தீர்மானத்துக்கே எதிராக வாக்களித்தவர். வடக்கு வரி கட்டுகிறது, மேற்கு கோதுமை தருகிறது, தெற்கு பருத்தி விற்றுப் பணம் குவிக்கிறது என்று குடியரசுக் கட்சியினர் பேசியபோது, சமவெளி உழவர்கள் தங்கள் நெஞ்சில் இருந்ததைப் பிறர் வாயிலாகக் கேட்டனர். கான்சாஸ், நெப்ராஸ்கா, கொலராடோ முதலிய மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி அடைந்த இழப்புகளுக்கு இதுவே பெருங்காரணம் எனலாம். 1916இல் போர் வேண்டாமென்று வில்சனுக்கு வாக்களித்த மேற்குப் பகுதி, 1918இல் கோதுமை விலைக்காக அவரைக் கைவிட்டது.

நோயும் மகளிரும்

அத்தேர்தல் நடந்த சூழலையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் இன்ஃபுளுவென்சா என்னும் கொடுங்காய்ச்சல் நாடெங்கும் பரவிற்று. அக்டோபர் ஒரு திங்களில் மட்டும் ஏறத்தாழ 1,95,000 அமெரிக்கர் மாண்டனர். பல ஊர்களில் தேவாலயங்களும் பள்ளிகளும் கலையரங்குகளும் மூடப்பட்டன. பொதுக்கூட்டங்கள் தடை செய்யப்பட்டன. மேடை இழந்த தேர்தலில் நாளிதழ்களே மேடையாயின. வாக்குரிமை பெற்றோருள் சுமார் 40 விழுக்காட்டினரே வாக்களித்தனர். இருபது லட்சம் வீரர்கள் கடலுக்கு அப்பால் இருந்தனர். எவருடைய குருதியைப் பற்றித் தேர்தல் பேசிற்றோ, அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அத்தேர்தலில் வாக்களிக்கவில்லை.

மகளிர் வாக்குரிமையும் அவ்வேளையில் தீராத வழக்காக நின்றது. அதற்கான அரசியலமைப்புத் திருத்தம் 1918 ஜனவரியில் கீழவையில் நிறைவேறிற்று. செப்டம்பர் 30ஆம் நாள் வில்சன் தாமே செனட்டுக்குச் சென்று, போரில் பங்கு கொடுத்த பெண்களுக்கு உரிமையிலும் பங்கு தரவேண்டும் என்று பேசினார். மறுநாள் நடந்த வாக்கெடுப்பில் மூன்றில் இரு பங்குக்கு இரண்டே வாக்குகள் குறைந்தன. தடுத்தவர்களுள் அவருடைய கட்சியைச் சேர்ந்த தென்னாட்டார் மிகுதி. வாக்குரிமை இயக்கத்தினர் கட்சி பாராது களம் இறங்கினர். மாசசூசெட்சில் திருத்தத்தை எதிர்த்த குடியரசுக் கட்சிச் செனட்டர் ஜான் வீக்ஸ் தோற்றார். டெலவேரில் எதிர்த்த ஜனநாயகக் கட்சிச் செனட்டர் வில்லார்ட் சால்ஸ்பரியும் தோற்றார். அத்தேர்தலால் அமைந்த புதிய செனட்டிலேயே 1919 ஜூன் 4ஆம் நாள் திருத்தம் நிறைவேறிற்று. வில்சனின் கட்சிக்குத் தோல்வியாய் முடிந்த தேர்தல், அவர் வேண்டிய ஒன்றை நிறைவேற்றியும் தந்தது. வரலாற்றின் கணக்கு ஒருபக்கக் கணக்காக அமைவதில்லை.

ஓர் இருக்கை

நவம்பர் 5ஆம் நாள் வாக்குப்பதிவு நடந்தது. பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சி 240 இடங்களைப் பெற்றது; ஜனநாயகக் கட்சி ஏறத்தாழ 190 இடங்களோடு நின்றது. செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 49, ஜனநாயகக் கட்சிக்கு 47. ஆறு நாள்கள் கழித்து நவம்பர் 11ஆம் நாள் போர் ஓய்ந்தது. வெற்றிச் செய்தி ஒரு வாரம் முந்தி வந்திருந்தால் வாக்குகள் வேறாக விழுந்திருக்குமோ என்று எண்ணத் தோன்றும்.

49க்கும் 47க்கும் இடையிலுள்ள வேறுபாடு இரண்டு. ஓர் இருக்கை மாறியிருந்தால் 48க்கு 48. அப்போது செனட்டின் தலைமை இருக்கையில் அமரும் துணைத்தலைவர் தாமஸ் மார்ஷலின் வாக்கு ஜனநாயகக் கட்சிக்கே செல்லும். அந்த ஓர் இருக்கை மிச்சிகன் மாநிலத்தில் இருந்தது. வில்சனின் வேண்டுகோளை ஏற்று அங்கே ஜனநாயகக் கட்சியின் சார்பில் நின்றவர் ஹென்றி ஃபோர்டு. கார் உற்பத்தியில் உலகப்புகழ் பெற்ற அதே ஃபோர்டு. அவரை எதிர்த்து நின்றவர் ட்ரூமன் நியூபெரி. எட்டாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் ஃபோர்டு தோற்றார். தேர்தலில் அளவுக்கு மீறிப் பணம் செலவிட்டதாக நியூபெரி மீது வழக்கு நடந்தது. 1920இல் கீழ்நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது; 1921இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது; 1922இல் அவரே பதவி விலகினார். ஆனால் அதற்குள் அந்த இருக்கையால் ஆகவேண்டியது ஆகிவிட்டது.

செனட்டில் பெரும்பான்மை பெற்ற கட்சியே குழுக்களின் தலைமையையும் பெறும். அயலுறவுக் குழுவின் தலைவரானார் ஹென்றி காபட் லாட்ஜ்.

மடல் திரும்பி வந்தது

டிசம்பர் 4ஆம் நாள் வில்சன் அமைதி மாநாட்டுக்குக் கப்பலேறினார். தம்மோடு செனட்டர் ஒருவரையும் அவர் அழைத்துச் செல்லவில்லை. தூதுக்குழுவில் இருந்த ஒரே குடியரசுக் கட்சியினரான ஹென்றி ஒயிட், கட்சிச் செல்வாக்கில்லாத முன்னாள் தூதர். அதற்கு முன்னரே ரூசுவெல்ட், வில்சன் இப்போது அமெரிக்க மக்களுக்காகப் பேசும் உரிமை அற்றவர் என்று உலகறிய எழுதிவிட்டார். அதற்கு அவர் காட்டிய சான்று வில்சனின் சொந்த மடலே. அதே டிசம்பரில் இங்கிலாந்தில் நடந்த தேர்தலில் லாயிட் ஜார்ஜ் பெருவெற்றி பெற்றார். தம் மக்களிடம் நம்பிக்கை வேண்டி அது மறுக்கப்பட்டவராய்ப் பாரிசுக்கு வந்தவர் வில்சன் ஒருவரே. அவர் விரும்பிய இங்கிலாந்து முறை அமெரிக்காவில் இருந்திருந்தால் அவர் பதவி விலகியிருப்பார். அவர் வாழ்ந்த அமெரிக்க முறை அவரைப் பதவியில் வைத்தது. ஆனால் அவர் சொல்லின் வலிமையைப் பறித்துக்கொண்டது.

1919 மார்ச்சில், நாடுகளின் சங்க அமைப்பை அன்றைய வடிவில் ஏற்க இயலாது என்று முப்பத்தேழு செனட்டர்களும் செனட்டர்களாகத் தேர்வு பெற்றவர்களும் கூட்டாக அறிவித்தனர். ஒப்பந்தத்தைத் தடுக்க முப்பத்து மூவரே போதும். ஜூலை 10ஆம் நாள் வில்சன் வெர்சேல்ஸ் ஒப்பந்தத்தைச் செனட்டிடம் அளித்தார். லாட்ஜ் அதனைத் தம் குழுவின் முன் வரிவரியாக உரக்கப் படிக்கத் தொடங்கினார். அதற்கே இரண்டு வாரங்கள் ஓடின. பிறகு வாரக்கணக்கில் விசாரணை. காலம் செல்லச் செல்ல மக்களின் ஆர்வம் தணியும் என்பதை அவர் நன்கறிவார். காலமறிதலில் வில்சனை விஞ்சியவர் லாட்ஜ்.

மக்களிடமே முறையிட எண்ணி வில்சன் செப்டம்பரில் ரயிலேறினார். ஏறத்தாழ 8,000 மைல். சுமார் நாற்பது சொற்பொழிவுகள். கொலராடோவில் உடல் தளர்ந்து திரும்பினார். அக்டோபர் 2ஆம் நாள் பக்கவாதம் அவரை வீழ்த்தியது. நவம்பர் 19ஆம் நாள் செனட் ஒப்பந்தத்தை மறுத்தது. 1920 மார்ச் 19ஆம் நாள் திருத்தங்களோடு மீண்டும் வாக்கெடுப்பு: ஆதரவு 49, எதிர்ப்பு 35. பெரும்பான்மை கிட்டிற்று, மூன்றில் இரு பங்குக்கு ஏழு வாக்குகள் குறைந்தன. திருத்தங்களை ஏற்கவேண்டாமென்று தம் கட்சியினரைத் தடுத்தவரும் வில்சனே என்பதை மறைத்தல் ஆகாது. ஃபோர்டு வென்றிருந்தால் ஒப்பந்தம் கட்டாயம் நிறைவேறியிருக்கும் என்று கூறவும் இயலாது. ஆனால் குழுவும் காலமும் வேறொருவர் கையில் இருந்திருக்கும்.

அதன் பின்னரும் வில்சன் பாடம் கற்றாரல்லர். 1920ஆம் ஆண்டுத் தேர்தலையே நாடுகளின் சங்கத்தைப் பற்றிய மக்கள் தீர்ப்பாகக் கொள்வோம் என்றார். குடியரசுக் கட்சியின் வாரன் ஹார்டிங் ஏறத்தாழ 60 விழுக்காடு வாக்குகளோடு வென்றார். ஒரே பிழை இரண்டாம் முறை செய்யப்பட்டது.

சென்னையிலிருந்து சென்ற மடல்

வில்சனின் சொல் எட்டிய எல்லைகளுள் தமிழகமும் ஒன்று. போர்ப் பிரகடனத்தின்போது மக்களாட்சிக்காகப் போர் என்று அவர் முழங்கியதைச் செவிமடுத்த சுப்பிரமணிய ஐயர், 1917 ஜூன் 24ஆம் நாள் சென்னையிலிருந்து அவருக்கு நேரே ஒரு மடல் எழுதினார். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கி ஓய்வுபெற்று, தன்னாட்சி இயக்கத்தின் மதிப்புறு தலைவராக இருந்த முதியவர் அவர். இந்தியாவுக்குத் தன்னாட்சி அளிக்கப்பட்டால் அது போருக்குப் பெருந்துணை புரியும் என்பது மடலின் சாரம். ஹாட்ச்னர் என்னும் அமெரிக்கத் தம்பதியர் அதனைக் கொண்டு சென்றனர். செய்தி வெளிப்பட்டபோது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது. ஐயர் தம் பட்டங்களைத் துறந்தார். மடல் எழுதி அதற்குரிய விலையைத் தாமே கொடுத்தவர் அவர். நாடுகளின் சங்கத்தில் இந்தியா உறுப்பினராயிற்று. அங்கு இந்தியாவுக்காகப் பேசுவோரைத் தேர்ந்தவர் இந்திய மக்களல்லர், ஆண்ட பிரிட்டிஷாரே. 1921இல் ஜெனீவாவில் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் இந்தியாவின் சார்பில் அமர்ந்தார். சங்கத்தைக் கனவு கண்டவரின் நாட்டுக்கு அங்கே இருக்கை இல்லை.

வில்சனும் லாட்ஜும் சுப்பிரமணிய ஐயரும் 1924ஆம் ஆண்டிலேயே மறைந்தனர்.

கான்சாஸ் உழவர் வாக்குச்சீட்டில் முத்திரையிட்டபோது கோதுமையை எண்ணினார். நாடுகளின் சங்கத்தை அவர் எண்ணவில்லை. எவரும் அவரிடம் அதனைத் தெளிவாகக் கேட்கவும் இல்லை. ஆயினும் அவ்வாக்கு அதற்கான விடையாகப் பொருள்கொள்ளப்பட்டது. அங்ஙனம் பொருள்கொள்ள இடம் தந்தது, சொல்லில் வல்லவர் ஒருவர் எழுதிய ஒரு பக்க மடல். அதனைத் தேர்தலுக்குப் பதினொரு நாள்களுக்கு முன்னர் எழுதாதிருந்தாலும் அவர் கட்சி தோற்றிருக்கலாம். ஆனால் அது கட்சியின் தோல்வியாக மட்டும் நின்றிருக்கும்.